கல்லடிப் பாலத்தில் வாய் மூடும் றேடியோ

வாகன மின்வேலை செய்கிறவர்களின் சங்கம் தன் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டது. முப்பத்தாறு வருஷத் தொழிலை நான்கு பக்கத்தில் எழுதித் தரட்டாம். ஒரு றேடியோவைப் பற்றி எழுதவே நான்கு பக்கம் போதாது என்றேன். அப்படியானால் அந்த ஒரு றேடியோவைப் பற்றியே எழுதுங்கள் என்று செயலாளர் பிடித்துக்கொண்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் நான்தான்.

இப்போது கார்களுக்குள் இருப்பது றேடியோ அல்ல, சின்னத் தொலைக்காட்சி. தொட்டால் பாடுகிறது, கேட்டால் வழி சொல்கிறது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. மருமகனின் வான் வண்டியில் சாய்ந்திருந்து நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் போன மாதம் ஒருவர் தன் பழைய காருக்கு ஒறிஜினல் றேடியோ வேண்டுமென்று வந்தார். போனில் ஒரு படத்தைக் காட்டி, இந்தக் காருக்கு இதுதான் சரியானதாம் என்றார். சரியானது எது என்று படமா சொல்லும்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் நாலரை வருஷம் அலைந்திருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் குணராசா, குணம் என்பார்கள், ஆரையம்பதி ஆள். பஸ்ஸில் கொண்டக்டர் வேலை பார்த்து, அதை விட்டு, கலியாணமும் முடித்த பிறகு இருபத்தாறு வயதில்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். நகரத்துக்குள், புளியந்தீவில், காசிம் மாஸ்டரின் றேடியோத் திருத்தும் கடை. மாஸ்டர் ஏறாவூர்க்காரர். முதல் வருஷம் தூசி தட்டினேன், இரண்டாம் வருஷம் ஈயம் பற்றவைத்தேன், மூன்றாம் வருஷம் ஒரு றேடியோவை எரித்தேன். பழைய இங்கிலீஷ் கார்களில் பற்றரியின் பிளஸ் பக்கம்தான் காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். பின்னால் வந்த கார்களில் மைனஸ். அதைப் பாராமல் பொருத்தினால் கொஞ்சம் புகையும் ஒரு நாற்றமும் வரும், பிறகு ஒன்றும் வராது. மாஸ்டர் ஏசவில்லை. எரிந்த துண்டை ஒரு நெருப்புப்பெட்டிக்குள் போட்டு என் சட்டைப்பைக்குள் வைத்து, ஒரு கிழமைக்கு அது அங்கேயே இருக்கட்டும் என்றார். அன்று பின்னேரமே மனைவி அதைக் கண்டு என்ன சாமான் என்று கேட்டாள். முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. மாஸ்டர் தந்த தண்டனை அதுதான் என்று பிறகுதான் விளங்கியது.

அவருடைய முறைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். றேடியோ கொண்டுவருகிறவரிடம் என்ன பழுது என்று கேட்கவே மாட்டார். "கடைசியா இதில என்ன கேட்டீங்க?" என்றுதான் கேட்பார். வந்தவர் செய்தி கேட்டேன், பாதியில் இரைந்தது, பிறகு தேய்ந்து தேய்ந்து போயிற்று என்று சொல்லச் சொல்ல, மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பெட்டியைத் திறக்க முதலே பழுது எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும். கழற்றிய ஸ்குரு ஆணிகளைக் கமரா ரோல் வருகிற டப்பாவுக்குள் போட்டு அந்தப் பெட்டியோடு கட்டிவிடுவார். அதற்குப் பிறகு மூடியின் உட்புறத்தில், வெறும் தகரத்தில், பென்சிலால் எழுதுவார்: வாகன நம்பர், திகதி, உரிமையாளர் தன் வாயால் சொன்ன குறை. வேலை முடிந்தால் அதற்குக் கீழே 'சரி' என்று ஒரு சொல்லும் கையெழுத்தும். துண்டுக் கடதாசி தொலையும், பேனா மை சூட்டில் மங்கும், பென்சில் கிடக்கும் என்பார். அந்த எழுத்தைக் கடைக்காரர்களைத் தவிர யாரும் காணப்போவதில்லை. அதனால்தான் அவர் அதை இன்னும் ஒழுங்காக எழுதினார் என்று நினைக்கிறேன்.

எங்களிடம் வந்த வாகனங்களில் அழகி என்றால் ஐவி மிஸ்ஸின் கார்தான். இரண்டு பேருக்கு மேல் இடமில்லாத, கூரையை மடித்து வைக்கிற, வெண்ணெய் நிற இங்கிலாந்துக் கார். மிஸ் கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கடலோரம், டச்பாரில் இருந்த பறங்கியர் குடும்பம், பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர். கணவர் ஓஸ்வல்ட் சேர் கந்தோர் உத்தியோகத்தர். காரை ஓட்டுவது மிஸ்தான். சேர் பக்கத்தில் இருந்து றேடியோவைத் திருகுவார். அந்தக் காலத்தில் ஒரு பெண் கூரையில்லாத காரைக் கல்லடிப் பாலத்துக்கு மேலால் ஓட்டிப்போனால் மீன் வாங்கிக்கொண்டு நிற்கிறவர்களும் காசு கொடுக்க மறந்துவிடுவார்கள்.

அந்தக் காரின் றேடியோவை ஒரு நாள் சேர் கழற்றிக் கொண்டுவந்தார். சத்தக் கட்டையைத் திருகினால் கரகரக்கிறதாம். மாஸ்டர் மூடிக்குள் எழுதித் தட்டில் வைத்தார். அடுத்த கிழமை நாடு குழம்பியது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் எழுத மனம் வராத காரியங்கள் நடந்த வருஷம் அது. மாஸ்டர் ஏறாவூரிலும் நான் ஆரையம்பதியிலும் அடைபட்டுக் கிடந்தோம். கடையின் இரண்டாவது சாவி என்னிடம் இருந்தது. ஆட்கள் நம்பித் தந்த சாமான்களை வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கும்படி மாஸ்டர் ஒரு லொறிக்காரரிடம் சொல்லி அனுப்பினார்.

பயந்து பயந்து சைக்கிளில் போனேன். கசற் றெக்கோடர்களையும் நல்ல ட்ரான்சிஸ்டர்களையும் சாக்கில் போட்டேன். கார் றேடியோவைக் கையில் எடுத்தேன். செங்கல் மாதிரிப் பாரம். கார் ஓட்டமே நின்றுபோன நாட்டில் பழுதான கார் றேடியோ யாருக்கு என்று நினைத்துத் திரும்பத் தட்டில் வைத்தேன். நாளைக்கு எடுக்கலாம் என்றும் நினைத்தேன். நாலு மாதம் கழித்துக் கடையைத் திறந்தபோது பூட்டு உடைந்திருந்தது, தட்டு வெறுமையாக இருந்தது. எல்லாவற்றையும் கொண்டுபோக ஏலவில்லை என்று மாஸ்டரிடம் சொன்னேன். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்த கதையைச் சொல்லவில்லை. ஓஸ்வல்ட் சேர், உயிர் மிஞ்சியதே போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். கார் ஓட்டம் நின்று, சக்கரம் கழற்றி, அவர்கள் வீட்டில் கல்லுக்கு மேல் ஏறியது.

சமாதானம் என்று சொல்லிக் கொஞ்ச நாள் வெடிச்சத்தம் நின்றிருந்தபோது சேர் அந்தக் காரைத் திருத்தத் தொடங்கினார். அடித்தகடு ஒட்டுவதற்காக நகரத்தில் ஒரு கராஜில் விட்டிருந்தார். அந்த நேரத்தில்தான் சுனாமி வந்தது. டச்பாரில் அவர்களுடைய வீடு அத்திவாரத்தோடு போயிற்று. சேரும் போனார். மிஸ் தேவாலயத்துக்கு நகரம் வந்திருந்ததால் தப்பினார். பியானோ, கலியாணப் படம், கோப்பை பீங்கான், ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த வீட்டில் மிஞ்சிய ஒரே சாமான் கராஜில் நின்ற கார்.

ஏழெட்டு மாதம் கழித்து மிஸ் கடைக்கு வந்தார். தங்கச்சி வீட்டில் இருக்கிறாராம். கார் ஓடுகிறதாம், றேடியோ இருந்த இடம்தான் ஓட்டையாக இருக்கிறதாம். மாஸ்டர் எழும்பி நின்றார். மிஸ் எங்களைக் குறை சொல்லவில்லை. அதே மாதிரி ஒன்று தேடித் தர முடியுமா என்று மட்டும் கேட்டார். மாஸ்டர் வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார்.

"மிஸ், கடைசியா இதில என்ன கேட்டீங்க?"

மிஸ் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் மறக்க ஏலாது. பின்னேரங்களில் வீட்டுக்குப் போகும்போது பாட்டுப் போகுமாம். கல்லடிப் பாலத்துக்குள் கார் ஏறியதும் றேடியோ வாயை மூடிவிடுமாம். அது உண்மை, அந்தப் பாலம் தலைக்கு மேலேயும் இரும்புச் சட்டம் கட்டியது, மத்திய அலை அதற்குள் நுழையாது. பாட்டு நின்ற இடத்தில் இருந்து சேர் தானே தொடர்ந்து பாடுவாராம். அந்தப் பக்கம் வெளியே வந்ததும் றேடியோ திரும்பப் பாடும். அது வருகிற அடியும் சேர் பாடுகிற அடியும் ஒன்றாக இருந்தால் அன்று அவருக்கு வெற்றியாம். இருபது வருஷத்தில் அஞ்சோ ஆறோ தரம்தான் வென்றாராம்.

சுனாமிக்குப் பிறகு மிஸ் அந்தப் பாலத்தைக் கடக்கவில்லை. வீடு இருந்த இடத்தை ஒரு தரமும் போய்ப் பார்க்கவில்லை. "போக வேணும், குணம். ஆனா அந்தக் கார்ல, அந்த றேடியோவோடதான் போவன்" என்றார். எங்களுக்கு வந்த வேலை என்ன என்று அப்போது விளங்கியது.

மிஸ்ஸின் மகன் அவுஸ்திரேலியாவில் இருந்து ஒரு றேடியோ வாங்கி அனுப்பினார். அந்தக் கார் வெளிவந்த வருஷத்துக்கு அதுதான் சரி என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறதாம். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டு அதன் முகத்தைப் பார்த்தார். மத்திய அலையும் நெட்டலையும் இருந்தன. "இந்த நாட்டில நெட்டலையில ஆர் பாடுறது?" என்றார். இங்கிலாந்தில் அந்தக் காருக்கு அது சரிதான். இலங்கைக்கு வந்த கார்களுக்குக் கொழும்பில் வைத்துச் சிற்றலை உள்ள றேடியோவைத்தான் பூட்டினார்கள். புத்தகம் எழுதியவருக்கு எங்கள் ஊர் எப்படித் தெரியும்? அந்தப் பெட்டியை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தோம்.

நான் கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளில் மூன்று நாள் புரண்டு, சிற்றலை உள்ள அதே முகத்தைக் கண்டுபிடித்தேன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று பஸ்ஸில் வரும்போதே மனம் துள்ளியது. கடையில் திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் கரி. மாற்றுச் சாமானும் கிடைக்காது. மாஸ்டர் அந்த மாதம் சுகமில்லாமல் வீட்டில் இருந்தார். நான் ஒரு காரியம் செய்தேன். உள்ளே இருந்ததை வெட்டி எடுத்துவிட்டு, புதுச் சின்ன எஃப்.எம். றேடியோ ஒன்றின் வயிற்றை அதற்குள் வைத்தேன். அது மைனஸ் சேர்கிற சாதி, காரோ பிளஸ். தகரம் தொட்டால் எரியும் என்று சைக்கிள் ரியூப் றப்பரால் பெட்டியை முழுக்கச் சுற்றி உட்கார்த்தினேன். வெளியில் பார்த்தால் என் கண்ணே ஏமாறும். சந்தோஷப்படட்டும் என்றுதான் செய்தேன். தட்டில் திரும்ப வைத்த பாவம் இதோடு கழியட்டும் என்றும் ஒரு நினைப்பு.

மிஸ் காரைக் கொண்டுவந்தார். என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். பாட்டு தெளிவாகப் போனது. பாலத்தின் வாயில் மிஸ் தொண்டையைச் செருமினார். இரும்புக்குள் நுழைந்தோம். பாட்டு நிற்கவில்லை. எஃப்.எம். எப்படி நிற்கும்? இரும்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பாடத் திறந்த வாயை மிஸ் மெல்ல மூடியதை நான் பார்த்தேன். ஒடுக்கமான பாலம், திருப்ப இடமில்லை. கல்லடிப் பக்கம் போய்ச் சோதனைச் சாவடிக்கு முன்னால் காரைத் திருப்பி, டச்பார் ரோட்டைப் பார்க்காமலே நகரத்துக்கு வந்துவிட்டார். கடை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் பேசினார்.

"இது நிக்காமப் பாடுது, குணம். எங்கட றேடியோ நிக்கும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவனுக்கு வேறென்ன கிடைக்கும்? மாஸ்டர் திரும்பி வந்ததும் நானே சொன்னேன். அவர் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொன்னார், பென்சிலை நீட்டினார், செய்ததை மூடிக்குள் எழுதச் சொன்னார். 'உள்ளே வேறு றேடியோ. செய்தது குணராசா' என்று எழுதினேன். அவர் வாசித்துவிட்டு மூடியைப் பூட்டினார்.

வருஷங்கள் போயின. அதே வகை றேடியோ இன்னும் இரண்டு கண்டோம். ஒன்றின் விலை வானத்தில் நின்றது, மற்றது கழிவு. மகன் அவுஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், மிஸ் போகவில்லை. மாஸ்டருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. கடையை நான்தான் பார்த்தேன்.

யுத்தம் முடிந்த வருஷம், பாதைகள் திறந்த பிறகு, பனிச்சங்கேணியில் ஒரு உழவு மெஷினுக்கு மின்வேலை செய்யப் போனேன். தம்பிராசா அண்ணன் என்று ஒருவர். வாவியில் மீனும் பிடிப்பார், வயலும் செய்வார். வயல் வட்டைக்குள் இருந்த காவல் குடிலடியில்தான் மெஷின் நின்றது. குடிலுக்குள் றேடியோ பாடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். மெஷினின் பழைய பற்றரியில் வயர் கொடுத்து, கயிற்றில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு கார் றேடியோ. அதே முகம். திருகுகிற கட்டை ஒன்று இல்லை. அந்த இடத்தில் மரத்தில் செதுக்கிய கட்டை ஒன்று இருந்தது.

யுத்தத்தில் மின்சாரம் இல்லாத, டோர்ச் பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில், உழவு மெஷின் வைத்திருந்த வீட்டுக்குக் கார் றேடியோதான் உதவி என்று அண்ணன் சொன்னார். யாரோ சைக்கிளில் கொண்டுவந்தவனிடம் இரண்டு மூட்டை நெல்லுக்கு வாங்கினாராம். கடல் வந்த அன்று இதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் ஓடினாராம். என்னைத் தூக்க வந்தாரா, றேடியோவைத் தூக்க வந்தாரா என்று இண்டைக்கும் தெரியாது என்றார் அவருடைய மனைவி, குடிலோரத்து அடுப்படியில் இருந்தபடியே.

கொஞ்சம் தூசி தட்டித் தரவா என்று கேட்டு இறக்கினேன். நாலு ஆணியைக் கழற்ற எனக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. மூடியைத் திருப்பினேன். மாஸ்டரின் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. ஐவி மிஸ்ஸின் கார் நம்பர், திகதி, 'சத்தக் கட்டை கரகரக்குது'. கீழே 'சரி' இல்லை. அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் தட்டில் திரும்ப வைத்தது உட்பட. அவர் எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். எழுதப்பட்டது என்ன என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி.

"அந்த அம்மா உசிரோட இருக்காவா?"

ஓம் என்றேன். "அப்ப கொண்டு போங்க தம்பி. ஆனா பாலத்துக்குள்ள அது வாய் மூடுறத நானும் ஒருக்காப் பாக்க வேணும்" என்றார். இந்த மனிதனுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தபோது கடைத் தட்டில் கிடந்த என் கள்ளப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதைத்தான் பிறகு அவருக்குக் கொடுத்தேன். உள்ளே வேறு ஆள் இருக்கிறான் என்று சொல்லியே கொடுத்தேன். ஆர் இருந்தாலும் பாடினால் சரி என்றார். இன்றும் பாடுகிறதாம்.

றேடியோவை மாஸ்டருக்கு முன்னால் மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். அவர் தன் எழுத்தை வாசித்தார். அப்போதுதான் அந்தப் பழைய கதையை அவரிடமும் சொன்னேன்.

"தெரியும்" என்றார் மாஸ்டர். "தட்டில மற்றதெல்லாம் நீங்க எடுத்திருந்தீங்க. இது பாரம். அண்டைக்கு அந்த ரோட்டால நீங்க உசிரோட வீடு போய்ச் சேந்தீங்களா எண்டுதான் நான் நாலு மாசம் யோசிச்சது. றேடியோவ இல்ல."

பத்தொன்பது வருஷம் அவர் அதைத் தெரிந்துகொண்டே என்னோடு வேலை செய்திருக்கிறார். ஒரு நாள்கூடக் குத்திக் காட்டவில்லை. இப்படி ஒரு மனிதரிடம் சம்பளம் வாங்கியதை என் பெருமை என்று எங்கேயும் சொல்வேன். பேச்சை முடித்துவிட்டு, "எடுத்த வேலைய முடிச்சுக் குடுங்க" என்றார்.

முடித்தேன். சத்தக் கட்டையின் உட்புறத்தைத் துடைத்துக் கரகரப்பை எடுத்தேன். பனிச்சங்கேணியில் யாரோ மைனஸுக்கு மாற்றியிருந்த பின்பக்கச் சின்னத் தகட்டைப் பிளஸுக்குத் திருப்பினேன். 'சரி' என்று எழுத மாஸ்டரிடம் பென்சிலைக் கொடுத்தேன். எழுத்து நடுங்கியது, ஆனால் எழுதினார். கட்டைக்குக் கொழும்பில் இருந்து நல்லது ஒன்று எடுத்துத் தரட்டுமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் மரக்கட்டையைத் திருகிப் பார்த்து, இது விரலுக்கு நல்லாப் பிடிபடுது, இருக்கட்டும் என்றார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் போனோம். மிஸ்ஸுக்கு எழுபத்திரண்டு வயது. கூரையை மடித்திருந்தார். பக்கத்தில் மாஸ்டர், தொப்பியைக் கையால் பிடித்தபடி. அவர்களுக்குப் பின்னால் என் மோட்டார் சைக்கிளில் நானும் தம்பிராசா அண்ணனும். கொழும்பு நிலையத்தில் ஒரு பழைய பாட்டுப் போனது. பாலத்தின் வாயில் அது இழுபட்டது, இரைந்தது, நின்றது. அண்ணன் என் தோளை இறுக்கிப் பிடித்தார். டயர் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு மிஸ் பாடத் தொடங்கினார். சங்கீத ரீச்சரின் குரல்தான், வயது போயும் சுருதி போகவில்லை. எதிர்ப்பக்கம் காத்து நின்ற பஸ்காரர் ஹோர்ன் அடிக்கவில்லை. நடுப் பாலம் தாண்டி, கடைசிச் சட்டம் தாண்டி, வெளிச்சத்துக்குள் கார் இறங்கியதும் றேடியோ திரும்பப் பாடியது. மிஸ் பாட்டில் ஒரு அடி முந்தியிருந்தார்.

"தோத்திட்டீங்க, மிஸ்" என்றார் மாஸ்டர்.

மிஸ் சிரித்தார். காரை நிறுத்தவில்லை. பாட்டோடு டச்பார் ரோட்டுக்குக் கிறுகிப் போனார். நாங்கள் பின்னால் போகவில்லை.